வெள்ளிக் காசில் பெரியப்பாவின் மீசை

இப்போது நகைக்கடையில் வெள்ளிக் காசை மினுமினுக்கும் உறைக்குள் வைத்து விற்கிறார்கள். கோயில் படம் போட்டது வேண்டுமா, மயில் போட்டது வேண்டுமா, பேர் பொறித்துத் தரட்டுமா என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு கேட்கிறாள். நம் வயதுக்காரர்களுக்கு அதெல்லாம் ஏது? வெள்ளிக் காசு என்றால் ராஜா காசு. மொட்டைத் தலை ராஜா ஒருவர், கிரீடம் வைத்த ராஜா ஒருவர். உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் ஒன்றாவது கிடந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் வேறொரு காசு இருந்தது. ஒரு பக்கம் லாரி. மறுபக்கம் ஒரு முகம், அதன் கீழே என் பெரியப்பாவின் பெயர். முகம் யாருடையது என்பதுதான் கதை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே, சோளக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. வீடு என்றா சொன்னேன்? பாதி வீடு, பாதி லாரிக் கொட்டகை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டீசல் வாசம் வரும். மூடினால் பக்கத்துப் பட்டறையிலிருந்து வார்னிஷ் வாசம் வரும். என் அம்மா ரசத்துக்குக் கூடுதலாகப் பெருங்காயம் போட்டு இரண்டையும் எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பாவும் அப்பாவும் கூட்டாக லாரி ஓட்டினார்கள். பெரியப்பா நாமக்கல்லில் உட்கார்ந்து லோடு பிடிப்பார், பேசுவார், சண்டை போடுவார். அப்பா முதல் லாரியைத் தன் கையாலேயே ஓட்டி, நாக்பூருக்கும் பம்பாய்க்கும் போய் வந்தவர். பேச்சு குறைவு. இருவர் முகமும் ஒரே முகம்தான். அந்த நெற்றி, அந்த மூக்கு, கொஞ்சம் முன்னால் வந்த தாடை. மீசைதான் வேறு. பெரியப்பாவுடையது கன்னம் வரை ஏறி முறுக்கிக்கொண்டு நிற்கும். தினமும் காலையில் விளக்கெண்ணெய் தொட்டு நீவிவிடுவார். அப்பாவுடையது உதட்டுக்கு மேல் மையால் கோடு இழுத்ததுபோல ஒல்லியாக இருக்கும்.

பத்தாவது லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த சமயம், பெரியப்பாவுக்கு ஒரு டயர் கம்பெனிக்காரர்கள் வெள்ளிக் காசு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் டயர். அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பார்த்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்.

“ஒரு டயருக்கே காசு அடிக்கறானுக. நம்ம பத்தாவது வண்டிக்கு அடிக்கக் கூடாதா?”

தங்கத்தில் அடிக்க அப்போது சட்டம் விடாது. வெள்ளிக்குத் தடையில்லை. பூசை போடும் நாளில் உறவுக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு காசு. ஒரு பக்கம் லாரி என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மறுபக்கம் லட்சுமி இருக்கட்டும் என்றாள் பெரியம்மா. குலதெய்வம் இருக்கட்டும் என்றாள் என் அம்மா.

“லட்சுமி எல்லாக் காசுலயும் இருக்கறா. சாமிக்கு எதுக்கு லாரி? எம்பட மொகத்தப் போடறன்,” என்றார் பெரியப்பா.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “நம்ம ரெண்டு பேரு மொகமுமாங்ண்ணா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒரு காசுல ஒரு தலைதாண்டா. ராசா காசுல ராசாவும் ராசா தம்பியும் சேந்தா இருக்கறாங்க?”

பெரியப்பா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பெரியம்மாகூடச் சிரித்தாள். அப்பா கை கழுவிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவர் அண்ணனோடு பேசவில்லை. பத்தாவது வண்டி நிற்கும் பட்டறைப் பக்கமே போகவில்லை. “பிரிச்சுக் குடுத்தா ரெண்டு வண்டிய வெச்சுக்கிட்டு நாம பொழச்சுக்க மாட்டமா?” என்று அவர் அம்மாவிடம் கேட்டதை நான் பாதித் தூக்கத்தில் கேட்டேன். இருந்த ஒரே வீட்டை, ஒரே சமையலறையை, ஒரே கிணற்றை எப்படிப் பிரிப்பது என்று அவள் யோசித்திருப்பாள்.

பெரியப்பாவுக்குப் பெண் பிள்ளை இல்லை. எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். காசுக்கு ஆர்டர் கொடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனபோதும் நான்தான் துணை. சந்துக்குள் சந்து. இரண்டு பக்கமும் வெள்ளிப் பட்டறைகள். டிங் டிங் என்று சுத்தியல் சத்தம். அமிலத்தின் நெடி மூக்கைப் பிடுங்கும். ஒரு பட்டறை வாசலில் இரண்டு பேர் வெள்ளித் தூளுக்காகத் தரையின் மண்ணையே கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக்கூட விடாத தொழில் என்று பெரியப்பா வியந்தார்.

அச்சு வெட்டுகிறவர் உள்ளே ஓர் இருட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கருப்புக் குழாய் போன்ற லென்ஸை இடுக்கிக்கொண்டு, கைக்குள் இருந்த இரும்புத் துண்டைக் கீறிக்கொண்டிருந்தார். நாங்கள் போய் நின்றோம், தலை நிமிரவில்லை. பெரியப்பா இருமினார், நிமிரவில்லை. அவருக்கு உலகம் ஒரு சாண் தூரத்தோடு முடிந்துவிடும் என்று தோன்றியது. குனிந்தபடியே, “சொல்லுங்க,” என்றார்.

பெரியப்பா மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். முதல் லாரி வாங்கிய அன்று எடுத்தது. லாரி நேராக நம்மைப் பார்த்து நிற்கும்; முகப்பில் மாலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் அப்போது இளவட்டம். ஆனால் பெரியப்பாவின் மீசை அன்றே முறுக்கு மீசைதான்.

“ஒரு பக்கம் இந்த வண்டி. இன்னொரு பக்கம் வலது பக்கமா நிக்கறாரு பாருங்க, அவரு,” என்றார் பெரியப்பா. “நான்” என்று சொல்ல அவருக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டது. பெயரை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

“வலது பக்கம். சரிங்க,” என்றார் அச்சுக்காரர், லென்ஸை எடுக்காமலே.

எனக்கு வெளியே வந்ததும் ரோஸ்மில்க் கிடைத்தது. அதனால் அது நல்ல நாள் என்றே முடிவு செய்தேன்.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, டிரைவர் ஒருவர் சேலத்திலிருந்து துணிப்பையில் காசுகளைக் கொண்டுவந்தார். பெரியப்பா தாழ்வாரத்தில் ஜமக்காளம் விரித்து, சூடம் காட்டி, பையைக் கவிழ்த்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்யாண வீட்டில் எவர்சில்வர் கரண்டிகளைக் கொட்டினால் வருமே, அதைவிடச் சன்னமாக, ஈரமாக ஒரு சத்தம்.

முதலில் லாரிப் பக்கம் வந்தது. அச்சுக்காரர் வாழ்நாள் முழுக்க லட்சுமி காசு வெட்டியவர். தாமரை அவர் கையிலேயே ஊறிப்போயிருந்தது. லாரியின் சக்கரங்கள் இதழ் விரித்த தாமரைகளாக இருந்தன. முகப்பு விளக்குகள் மொட்டுகள். பம்பருக்குக் கீழே தண்ணீர் அலைகூட லேசாகத் தெரிந்தது.

“மங்களகரமாத்தான் இருக்குது,” என்று பெரியப்பா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு காசைத் திருப்பினார்.

பெரியம்மா எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, இது நம்ம கொழுந்தனாருங்களே!” என்றாள்.

அந்த நெற்றி, அந்த மூக்கு, அந்தத் தாடை. உதட்டுக்கு மேல் ஒற்றைக் கோடு மீசை. கீழே அரைவட்டமாகப் பெரியப்பாவின் பெயர், முன்னால் ‘உயர்திரு’ வேறு. பெரியப்பா இரண்டாவது காசைத் திருப்பினார். மூன்றாவதைத் திருப்பினார். ஒன்றிலாவது தன் மீசை இருக்கும் என்று நம்பினாரோ என்னவோ, ஜமக்காளத்தில் மண்டியிட்டு அத்தனையையும் திருப்பினார். அத்தனையிலும் என் அப்பா.

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கடா அவன்?” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் கொட்டகை நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அப்பா வந்தார். காசை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. சந்தோஷம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். அன்று அது குற்றம்போலத் தெரிந்துவிட்டது.

“சேலத்துக்கு ஆளு விட்டு மாத்தச் சொன்னியா?”

“நான் எதுக்குங்ண்ணா சொல்றேன்? மொகத்தத் திருடிக்கற அளவுக்கு நான் போயிட்டனா?”

பல நாளுக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் விடியற்காலையில் மூன்று பேரும் ஒரு லாரியில் சேலம் போனோம். நான் நடுவில். என் தலைக்கு மேலேகூட இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா காசையும் போட்டோவையும் அச்சுக்காரர் முன்னால் வைத்தார். “வலது பக்கம் நிக்கறவருன்னு தெளிவாச் சொன்னனா இல்லியா?”

“வலது பக்கம் நிக்கிறவரைத்தாங்க வெட்டியிருக்கேன்,” என்றார் அவர். விரலைப் படத்தின் வலது ஓரத்தில் வைத்தார். அங்கே என் அப்பா.

“அது இடது பக்கமய்யா! கிளீனர் பக்கம்! நான் டிரைவர் பக்கம் நிக்கறன், அதுதான் வலது!”

“அது லாரிக்கு வலதுங்க. படத்துக்கு இடது.”

“லாரிக்கு எது வலதோ அதுதான்யா வலது!”

பெரியப்பா வாழ்நாளில் வலது என்றால் ஸ்டியரிங் இருக்கும் பக்கம்தான். அச்சுக்காரரோ லாரியில் ஏறியதே இல்லை. இரண்டு பேரும் தாங்கள் சொன்னதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்கள். வலது எது என்று இரண்டு பெரியவர்கள் தொண்டை வற்றச் சண்டை போடுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சந்தில் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் லாரிபோல நின்று காட்டி, தன் வலது கையைத் தூக்கி அச்சுக்காரருக்கு விளக்கினார். எதிரில் நின்ற இன்னொருவர் அதே கையைப் பார்த்து “இடது” என்றார். சண்டை அங்கே கிளைவிட்டது.

கடைசியில் அச்சுக்காரர் லென்ஸை எடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். அண்ணனையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“புது அச்சு வெட்ட ஒரு மாசமாகும். நாளைக்கே விசேஷம்ங்கறீங்க. ரெண்டு பேருக்கும் மொகம் ஒண்ணுதானே? மீசைதான் வித்தியாசம். காசுல இருக்கறத இனி மாத்த முடியாது. மொகத்துல இருக்கறத மாத்தலாமில்லீங்களா?”

பெரியப்பா அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்து அப்பா முன்னால் வந்து நின்றார். பெரியப்பா அடிக்கவில்லை. காசுப் பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டையாம்பட்டி வந்ததும் பெரியப்பா, “நிறுத்து,” என்றார். முறுக்கு வாங்கத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாங்கியும் கொடுத்தார். ஆனால் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, எதிரே இருந்த சலூனுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அப்பாவும் பின்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பெரியப்பா ஒரு காசை எடுத்து முடிதிருத்துபவரிடம் நீட்டினார். “மீசைய இதாட்ட வெட்டு.”

அவர் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெஞ்சில் இருந்த அப்பாவைப் பார்த்தார். “இவிய மீசையாட்டத்தானுங்களே? ஆளே இங்க உக்காந்திருக்கறப்ப காசு எதுக்குங்க?”

“வெட்டுய்யா,” என்றார் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு.

முதல் வெட்டில் இடப்பக்க முறுக்கு விழுந்தது. அது தரையில் விழுந்தும் சுருண்டே கிடந்தது. நான் முறுக்கைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பெரியப்பா கண்ணைத் திறந்தபோது, கண்ணாடியில் இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள்.

அவர் அந்தக் காசுகளை அப்படியே உருக்கச் சொல்லியிருக்கலாம். வெள்ளி எங்கும் ஓடிவிடாது. வேறு அச்சு வெட்டி அடுத்த மாதம் அடித்திருக்கலாம். மீசையை இழந்தது வீம்புக்குத்தான் என்று ஊர் பேசிற்று. நாங்களும் அதைத்தான் நம்பினோம். தம்பியின் முகத்தை உருக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா எழுந்ததும் அப்பா போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு முழுசா எடுத்துப்போடுங்க.”

“டேய், உனக்கு எதுக்குடா?” என்று பெரியப்பா பதறினார்.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி நின்னா ஒறம்பரைச் சனத்துக்குக் குழப்பமாயிருமுங்ண்ணா. காசுல நீங்கதான் இருக்கோணும்.”

பெரியப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், எனக்கு இன்னொரு பொட்டலம் முறுக்கு வாங்கினார். யாரும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் ஆண்கள் எப்போது மீசையை மழிப்பார்கள்? நெருங்கின சாவு விழுந்தால்தான். ஊர் முக்குத் தேநீர்க் கடையில் அப்பா மட்டும் மழித்த உதட்டோடு லாரியிலிருந்து இறங்கியதை நாலு பேர் பார்த்தார்கள். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊருக்குள் செய்தி போய்விட்டது: மூத்தவர் போய்விட்டார், சேலத்தில், வழியிலேயே.

அத்தை, அதாவது பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா, அப்போதுதான் விசேஷத்துக்காகப் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். கையில் பலகாரத் தூக்கோடு ஓடிவந்தாள். வாசலில் நின்ற அப்பாவின் வெறும் உதட்டைப் பார்த்ததும் தூக்கைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள்.

“அய்யோ தம்பீ, அண்ணன் நம்மள உட்டுப்போட்டுப் போயிருச்சா! காசு அடிக்கப் போன மனுசன் இப்படியா வரோணும்!”

பின்னாலேயே பத்துப் பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி பெரியப்பாவின் பெருமைகளைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்; அதில் அந்த முறுக்கு மீசைக்கே தனியாக நாலு வரி. சத்தம் கேட்டுப் பெரியப்பா உள்ளேயிருந்து துண்டோடு வந்தார்.

“என்னடி இது? நான் நல்லாத்தான இருக்கறன்!”

அத்தை நிமிர்ந்தாள். ஒல்லி மீசையும் அண்ணன் குரலுமாக ஒரு ஆள். திரும்பித் தான் கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தாள். “அப்ப நீங்க யாருங்க?” என்று கேட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

அழ வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். வந்ததுதான் வந்தோம் என்று அவர்கள் மறுநாள் பந்திக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒப்பாரியில் தன் மீசையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைப் பெரியப்பா தனியாகக் கூப்பிட்டு என்னிடம் கேட்டார். சொன்னேன். “பரவால்ல, நல்லாத்தான் சொல்லியிருக்கறாளுக,” என்றார்.

பூசையன்று பத்தாவது வண்டி சாமந்தி மாலையில் மூழ்கி நின்றது. வெற்றிலை பாக்கோடு காசு போயிற்று. வாங்கியவர்கள் காசைப் பார்த்தார்கள், பெரியப்பாவைப் பார்த்தார்கள். “அச்சு அசல்!” என்றார்கள். பெரியப்பா ஒல்லி மீசையைத் தொட்டுக்கொண்டார். முறுக்க அங்கே ஒன்றும் இல்லை. ராசிபுரத்திலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர் அவர் தோளில் கை போட்டு, “தம்பி, உங்கண்ணன் எங்க? ஆளையே காணமே?” என்று கேட்டார்.

“உள்ளதான் இருந்தாருங்க,” என்றார் பெரியப்பா வெகு அடக்கமாக. “வந்துருவாருங்க, சாப்பிடுங்க.”

அப்பா அதைக் கேட்டுவிட்டார். இருவரும் பந்திக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். வண்டிகளைப் பிரிக்கிற பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

ஆனால் பெரியப்பா அந்தக் காசுக்குக் கட்டுப்பட்டுப் போனார். ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டிலும் அவர் பெயர் போட்ட காசு இருந்தது. ஒல்லி மீசையை விட்டால் அவர் அவராக இருக்க முடியாது. மறுபடி முறுக்கு வளர்க்கவே இல்லை. அப்பாவும் மழித்த இடத்தில் பழைய கோட்டை இழுக்க முடியாமல், வளர்ந்ததை வளரவிட்டார். அது கன்னம் வரை ஏறியது. இரண்டு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் முகத்தை மாற்றிக்கொண்டதுபோல ஆகிவிட்டார்கள். அந்தப் பூசைக்குப் பிறகு, காசில் இருப்பது யார் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளி விலை ஏறிக் கிடந்தது. அம்மா தன்னிடம் மிஞ்சியிருந்த காசுகளைக் கொலுசுக்காரர் முன்னால் தராசில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா உள்ளே வந்தார்.

“என்ன அம்மிணி இது? எம்பட மூஞ்சிய உருக்கிக் கால்ல போட்டு மிதிக்கப் போறீங்களா?”

அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கொலுசுக்காரர் தராசைத் தூக்கியபடியே நின்றார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“அது எம்பட மூஞ்சிங்ண்ணா,” என்றார். “எம்பட புள்ளதான மிதிக்கறா. மிதிக்கட்டும்.”

பெரியப்பா தம்பியைப் பார்த்தபடி நின்றார். அந்த ஒல்லி மீசை துடித்தது. எழுந்த சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, தன்னிடம் இருந்த காசுகளை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு வந்து தராசில் கொட்டினார்.

“மூஞ்சி அவன்து. பேரு எம்படது. எல்லாத்தையும் போட்டு நல்லாக் கனமாச் செய்யுங்க.”

செய்தார்கள். அவ்வளவு கனக் கொலுசை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புகுந்த வீட்டில் முதல் வாரம் நான் காலை இழுத்து இழுத்து நடந்தேன். பெண்ணுக்குக் காலில் ஏதோ குறை, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று என் மாமியார் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் அண்ணனும் தம்பியும் ஒரே லாரியில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா என் காலிலிருந்து ஒரு கொலுசைக் கழற்றச் சொல்லி வாங்கி, என் மாமியார் கையில் வைத்தார். மாமியாரின் கை சட்டென்று கீழே போயிற்று.

“புள்ள காலு நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றார் பெரியப்பா. “ரெண்டாளு கனமுங்க அது.”